மலை ஏற வேண்டாம் தங்கச்சி, முதலில் இறங்குங்கள்

தங்கச்சி, சுவிஸில் தூண் (Thun) நகருக்கு வந்து எட்டு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலரை. திங்கட்கிழமைகளில் கிண்டர்கார்ட்டனில் பிள்ளைகளை வட்டமாக இருத்திவைத்து சனி ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்களாம், மற்றவர்கள் மலைக்குப் போனோம், நெருப்பு மூட்டினோம் என்று சொல்ல உங்கள் மகள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு வருகிறாளாம். நாங்கள் மலையே ஏறியதில்லை, இவ்வளவு சின்னப் பிள்ளைகளோடு எங்கே தொடங்குவது, பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வாசித்தபோது என் பெரியவன் கிண்டர்கார்ட்டன் போன காலம் அப்படியே கண்முன் வந்தது. நானும் யாழ்ப்பாணத்தவள். எங்கள் பக்கம் கீரிமலைக்குப் பெயரில்தான் மலை இருக்கிறது. 22 வருடங்களுக்கு முன் இங்கே வந்தபோது யன்னலால் பார்த்து அழகு என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடுவேன், அந்த மலைக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை.

பயத்தை முதலில் விடுங்கள். இங்கே மலைக்குப் போவது என்றால் உச்சிக்கு ஏறுவது என்று அர்த்தமில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள சுவிஸ் குடும்பங்களில் பலர் கேபிள்காரில் மேலே போய், அங்கிருந்து மெதுவாக நடந்து கீழே இறங்குகிறவர்கள்தான். அதுவும் பிள்ளைகளுக்கென்றே கதையோடு சேர்த்துச் செய்த பாதைகள் நிறைய இருக்கின்றன. வழி நெடுகக் குள்ளர் வீடு, குகை, ஏறி விளையாட ஏதாவது என்று இருக்கும். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் நான் சொல்வது அப்படி ஒன்றைத்தான்.

தூணிலிருந்து உங்களுக்கு வசதியானது ஹஸ்லிபெர்க் என்ற மலைப்பகுதி. ரயிலில் இன்டர்லாக்கன் ஓஸ்ட் போய், அங்கே மாறி பிரியன்ஸ் ஏரிக்கரையோடு மைரிங்கன். ஸ்டேஷனிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் கேபிள்கார். அது ரொய்ட்டி என்ற ஊர்வரை ஏற்றிவிடும், பிறகு கொண்டோலா என்கிற சின்னக் கேபிள் பெட்டியில் பிட்மி தாண்டி மேகிசால்ப். மைரிங்கன் சுமார் 600 மீற்றர் உயரம், மேகிசால்ப் சுமார் 1700 மீற்றர். அவ்வளவு உயரம் சட்டென்று ஏறுவதால் பிள்ளைகளுக்குக் காது அடைக்கும், ஆளுக்கு ஒரு இனிப்புக் கொடுத்து விழுங்கச் சொல்லுங்கள்.

மேகிசால்ப்பில் இறங்கி பிட்மிவரை வருவதுதான் குள்ளர் பாதை. முக்கெஷ்டுட்ஸ் என்று ஹஸ்லிப் பள்ளத்தாக்கின் ஒரு கிழட்டுக் குள்ளர், அவருடைய கதையை வைத்துச் செய்தது. சுமார் ஐந்து கிலோமீற்றர், பெரும்பாலும் இறக்கம். கிண்டர்கார்ட்டன் பிள்ளைகளில் பலருக்கு அந்தக் குள்ளரைத் தெரியும், போய்வந்தால் மகளுக்கு வட்டத்தில் சொல்ல ஏதாவது இருக்கும். குழந்தை வண்டி மட்டும் கொண்டுபோக வேண்டாம், வேரும் கல்லும் உள்ள காட்டுப் பாதை.

இந்த மாதிரிப் பாதை ஏன் வேலை செய்கிறது என்று எனக்கு விளங்கியது என் அம்மம்மாவை நினைத்துத்தான். அவ ஒருமுறை செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போனவ. எப்படி அம்மம்மா நடந்தனீங்கள் என்று கேட்டால், யார் கதிர்காமத்துக்கு நடந்தது, நாங்கள் அடுத்த கோயிலுக்குத்தானே நடந்தோம் என்பா. பிள்ளைகளும் அப்படித்தான். ஐந்து கிலோமீற்றர் நடப்போமா என்றால் வீட்டு வாசலிலேயே கால் நோகும். அடுத்த குள்ளர் வீடு எங்கே என்று பார்ப்போமா என்றால் உங்களுக்கு முன்னால் ஓடுவார்கள். முதல் நாள் இரவே படுக்கையில் அந்தக் குள்ளரைப் பற்றி நீங்களாகவே ஒரு கதை சொல்லித் தொடங்கிவிடுங்கள், தமிழில் சொல்லுங்கள், மகள் அதை அங்கே தன் கண்ணால் தேடுவாள்.

இனி நேரம். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் தவறுகிற இடம் இதுதான். முதல் தடவை வேறொரு மலைக்குப் போனோம், பெரியவனுக்கு ஐந்து, சின்னவனுக்கு மூன்று. பாதையோரத்து மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் ஒன்றரை மணித்தியாலம் என்று போட்டிருந்தது, கடைசிக் கொண்டோலா ஐந்து மணிக்கு, நாங்கள் நடக்கத் தொடங்கியது இரண்டு மணிக்கு, நேரம் தாராளம் என்று நினைத்தோம். அந்தப் பலகையில் போடுகிற நேரம் நிற்காமல் நடக்கிற பெரிய ஆட்களுக்கானது, சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள், சாப்பிடுகிற நேரமோ இருந்து எழும்புகிற நேரமோ அதற்குள் இல்லை. இது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. சின்னவன் ஒரு சின்ன நீரோடையில் கல் போட்டுக்கொண்டே முக்கால் மணித்தியாலம் நின்றான், இழுத்தால் அழுகை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொண்டோலா நின்றுவிட்டது. என் மனுசன் சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு, நான் பெரியவனின் கையைப் பிடித்துக்கொண்டு, காட்டுக்குள்ளால் கீழே இறங்கினோம். இருட்டத் தொடங்கிவிட்டது, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் காலை வைத்து வைத்து வந்தோம். பெரியவன் ஒரு சொல் கதைக்கவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பிறகு ஒரு வருடம் நாங்கள் மலைப்பக்கம் போகவே இல்லை, அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் கவலைதான், அந்த வயது திரும்பி வராதே.

ஆகவே பலகையில் உள்ள நேரத்தை இரண்டரையால் பெருக்குங்கள். காலை ஒன்பதரை பத்து மணிக்கெல்லாம் மலைமேல் நில்லுங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மேலே ஏற முதலே பார்த்து, அதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகப் பாதை முடிகிற கொண்டோலா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவது என்று வையுங்கள். கோடையில் பின்னேரங்களில் இடியும் மழையும் வரும், அதற்கும் காலைதான் நல்லது. முதல் நாள் மேட்டியோஸ்விஸ் ஆப்பில் வானிலை பாருங்கள், இடி என்று போட்டிருந்தால் அடுத்த கிழமை போகலாம், மலை எங்கும் ஓடிவிடாது.

பலகையின் நிறத்தையும் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள், மகன் விரும்பிச் செய்வான். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை, உங்களுக்கு அதுதான். வெள்ளை-சிவப்பு-வெள்ளை கீறியிருந்தால் மலைப்பாதை, செங்குத்தும் ஒடுக்கமும் வரும், இந்த வருடம் வேண்டாம். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கானது, அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

மாடு! இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நாங்கள் மாட்டைக் கண்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆட்கள், கன்றுக்குட்டியைக் கண்டால் பிள்ளைகள் கட்டிப்பிடிக்க ஓடுவார்கள். இங்கே மேய்ச்சல் நிலங்களில் தாய்ப்பசு கன்றோடு நிற்கும், கன்றுக்குக் கிட்டப் போனால் தாய் பாய்ந்து இடிக்கும், அப்படி இந்த நாட்டில் ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள். தள்ளி, சத்தம் போடாமல், ஓடாமல் கடந்து போங்கள். பாதையிலேயே நின்றால் சுற்றிப் போங்கள். வேலிப் படலையைத் திறந்தால் திரும்பச் சாத்திவிட வேண்டும்.

உடுப்புக்கும் சப்பாத்துக்கும் காசைக் கொட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். ப்ரொக்கி என்று பழைய சாமான் கடைகள் பல ஊர்களில் உண்டு, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பிள்ளைகளின் உடுப்புச் சந்தையும் வைப்பார்கள், அடி தேயாத மலைச் சப்பாத்து கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும். கணுக்கால் மூடுவதாகப் பாருங்கள். புல்லுக்குள் உண்ணி இருக்கும், நீளக் கால்சட்டை போட்டு அதைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள், வீட்டுக்கு வந்து குளிக்க வார்க்கும்போது கக்கம், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ஊசி உண்டு, அதைப் பிள்ளைகளின் டொக்டரிடம் கேளுங்கள். 1000 மீற்றர் ஏறினால் ஆறேழு பாகை குளிர் கூடும், தூணில் வெயில் என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். ஆனால் மேலே வெயிலும் கடுமை. எங்களுடைய நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நானும் நம்பினேன், என் சின்னவனின் கன்னமும் மூக்கும் தோல் உரிந்த பிறகுதான் கிரீம் பூசத் தொடங்கினேன். தொப்பியும் கட்டாயம். மாற்றுக் காலுறை இரண்டு சோடி, ஏனென்றால் தண்ணீரைக் கண்டால் இறங்குவார்கள், இறங்கட்டும்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறு வயதுக்குள் பிள்ளைக்கு ரயில், பஸ் இலவசம், ஆகவே மகளுக்கு ஒன்றும் வேண்டாம். மகனுக்கு யூனியோர்கார்த்தே என்கிற பிள்ளைகள் அட்டை எடுங்கள், வருடத்துக்கு 30 பிராங், அம்மாவோ அப்பாவோ கூடப் போனால் அன்றைக்கு அவனுக்கு வேறு ரிக்கற் தேவையில்லை. உங்கள் இருவருக்கும் ஹால்ப்டாக்ஸ், அதாவது பாதி விலையில் ரிக்கற் எடுக்கிற அட்டை, இருக்கிறதுதானே. கேபிள்காருக்கு இவை செல்லுமா என்று ரிக்கற் எடுக்கும்போதே கேளுங்கள், மலைக்கு மலை அது வேறுபடும்.

சாப்பாடு வீட்டிலிருந்து. புட்டு காய்ந்து விக்கும், சோறு கனம். நான் ரொட்டியும் கிழங்குப் பிரட்டலும், உறைப்பைக் குறைத்த மீன் ரோல்ஸும், வெள்ளரிக்காய்த் துண்டும் கட்டுவேன். ஆனால் ஒன்று, நெருப்பு மூட்டுகிற இடம் வரும்போது மற்றப் பிள்ளைகள் எல்லாம் தடியில் குத்தி செர்வலா என்கிற சொசேஜை வாட்டுவார்கள், உங்கள் பிள்ளைகளின் கையில் ரொட்டி மட்டும் இருக்கக் கூடாது, அது அவர்களுக்குப் பெரிய விஷயம். செர்வலாவில் மாடும் பன்றியும் சேர்ந்திருக்கும், நீங்கள் சாப்பிடாதவர்கள் என்றால் கோழி சொசேஜ் கடையில் உண்டு. இல்லையென்றால் ஷ்லாங்கன்ப்ரோட், அதாவது மாவைப் பாம்பு மாதிரித் தடியில் சுற்றி நெருப்பில் வாட்டுகிற பாண். எங்கள் ரொட்டி மாவில் கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து டப்பாவில் கொண்டுபோனால் அதுதான். ஒருமுறை நான் கொண்டுபோன மாவைப் பார்த்துப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் தங்களுக்கும் கேட்டு வந்தார்கள், அந்தத் தாயோடு அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு மணித்தியாலம் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், கதைத்தேன், பிழை பிழையாகத்தான். கோடையில் சரியான வறட்சி என்றால் நெருப்பு மூட்டத் தடை போடுவார்கள், அறிவித்தல் இருக்கிறதா என்று போக முதல் பார்த்துக்கொள்ளுங்கள். குப்பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவர வேண்டும்.

வழியில் எதிரே வருகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் வணக்கம் சொல்வார்கள். பட்டணத்தில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தும் பேசாத அதே ஆட்கள்தான். உங்கள் பேர்ன் மாநிலத்தில் அது க்ரூயெஸெக். மகளைச் சொல்லவிடுங்கள், அவளுக்கு இதற்குள் உங்களைவிட நன்றாக வரும். ஏதும் அவசரம் என்றால் அம்புலன்ஸ் 144, மலையில் ஹெலிகொப்டர் மீட்பு ரேகாவுக்கு 1414, இரண்டையும் இன்றைக்கே தொலைபேசியில் பதிந்துவிடுங்கள்.

பிட்மிக்கு வந்து சேர்ந்தவுடன் வீட்டுக்கு வெளிக்கிடாதீர்கள். அங்கே விளையாட்டிடம் இருக்கிறது, களைத்துவிட்டோம் என்று அழுத இரண்டும் அங்கே இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடும். நீங்களும் உங்கள் அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஃபிளாஸ்க் தேத்தண்ணியோடு புல்லில் இருங்கள். கொண்டோலா ஏற முதல் மகளிடம் ஒரு பைன் காய் பொறுக்கச் சொல்லி அவளுடைய பையில் போட்டுவிடுங்கள். திங்கட்கிழமை வட்டத்துக்கு அது கையில் இருக்கட்டும்.