ஆயிரம் மருத்துவச் சொற்களை உருப்போடாமல் மெடிக்கல் கோடிங் கற்க முடியுமா?

கேள்வி: பி.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். முதல் வாரமே ஆயிரம் சொற்கள் உள்ள பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார்கள். பள்ளியில் தமிழ் வழி. இதை எப்படித்தான் படிப்பது?

பதில்:

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். கிழித்துப் போட வேண்டாம், பிற்பாடு சரிபார்க்க உதவும். ஆனால் ஏ-யில் ஆரம்பித்து இசட் வரை உருப்போட்டுத் தேறிய ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து வரும் சார்ட்டுகளை, அதாவது நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு (குறியீட்டு எண்) போடுவதுதான் எனக்கும் பிழைப்பு. புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் வேலையும் அவ்வப்போது என் தலையில் விழும். அதில் கண்டதைச் சொல்கிறேன்.

மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் துண்டுகளைக் கோத்துச் செய்தவை. துண்டுகளின் எண்ணிக்கை சில நூறுதான். அவற்றை மாற்றி மாற்றிச் சேர்ப்பதால்தான் சொற்கள் ஆயிரக்கணக்கில் பெருகி மலைக்க வைக்கின்றன. ஆகவே துண்டுகளைப் படியுங்கள். இன்னொன்று, சொல்லை வாலிலிருந்து படியுங்கள். என்ன நடந்தது என்பது வாலில் இருக்கும்; எங்கே நடந்தது என்பது நடுவில் இருக்கும்; எப்படி, எவ்வளவு என்பது தலையில் இருக்கும்.

நீங்கள் வேலைக்குப் போனால் அடிக்கடி கண்ணில் படப்போகிற ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: லேப்ரோஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி. பார்த்தவுடன் மூச்சு முட்டும். வாலைப் பிடியுங்கள். எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது. அதற்கு முன்னால் சிஸ்ட், அதாவது பை. அதற்கும் முன்னால் கோலி, பித்தம். பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். லேப்ரோ என்பது வயிறு, ஸ்கோப் என்பது உள்ளே பார்க்கும் கருவி. வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கருவி வழியாகப் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள் என்று அர்த்தம். சிகிச்சைகளுக்கான குறியீட்டுத் தொகுப்பான சி.பி.டி.யில் இதற்கு 47562. வயிற்றைத் திறந்து எடுத்திருந்தால் 47600. தலையில் இருக்கும் 'லேப்ரோஸ்கோப்பிக்' என்ற ஒரு சொல்லால் கோடே மாறிவிடுகிறது, கூடவே பணமும். சில சமயம் கருவியை வைத்து ஆரம்பித்து, உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திறந்து முடிப்பார்கள். அப்போது ஆபரேஷன் தலைப்பில் லேப்ரோஸ்கோப்பிக் என்றே இருந்தாலும், திறந்து செய்ததற்கு உண்டான கோடுதான். அதனால் தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கோடு போடும் பழக்கம் வேண்டாம்.

வால்களில் முதலில் பிடிக்க வேண்டியவை: ஐட்டிஸ் என்றால் அழற்சி. அல்ஜியா என்றால் வலி. மெகலி என்றால் உறுப்பு பெருத்துப்போவது. பிளாஸ்டி என்றால் சீரமைப்பு. சென்டெசிஸ் என்றால் ஊசி குத்தி நீர் எடுப்பது. ஈமியா என்றால் ரத்தத்தில். யூரியா என்று முடிந்தால் சிறுநீரில். வயலுக்குப் போடும் யூரியா இல்லை. உரம் என்றதும் ஞாபகம் வருகிறது, உர மூட்டையில் என்.பி.கே. என்று போட்டிருக்குமே, அதில் உள்ள கே பொட்டாசியம். அதன் லத்தீன் பெயர் கேலியம். ஹைப்போ, கேல், ஈமியா மூன்றையும் சேர்த்தால் ஹைப்போகேலீமியா: ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. ஹைப்போ இருக்கும் இடத்தில் ஹைப்பர் வந்தால் அதுவே அதிகம். நோய்களுக்கான குறியீட்டுத் தொகுப்பான ஐ.சி.டி.யில் முன்னது ஈ87.6, பின்னது ஈ87.5. டாக்டர் வேகமாகச் சொன்னதை யாரோ தட்டச்சு செய்த அறிக்கையில் இந்த இரண்டும் இடம் மாறி வருவதுண்டு. எனவே லேப் ரிப்போர்ட்டில் எண்ணையும் பார்த்துவிடுங்கள். பொட்டாசியம் வழக்கமாக 3.5 முதல் 5 வரை இருக்கும். 2.9 என்று எண்ணைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஹைப்பர் என்று எழுதியிருந்தால், நீங்களாகத் திருத்தக் கூடாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: எக்டமி, ஆட்டமி, ஆஸ்டமி. கொலெக்டமி என்றால் பெருங்குடலை, அல்லது அதில் ஒரு பகுதியை, வெட்டி எடுப்பது. கொலாட்டமி என்றால் குடலில் கீறித் திறப்பது மட்டும்தான், எதையும் எடுப்பதில்லை. கொலாஸ்டமி என்றால் குடலை வயிற்றுச் சுவர் வரை கொண்டுவந்து வெளியே வாய் வைப்பது. கீறுவது, எடுப்பது, வாய் வைப்பது என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் குழப்பமே வராது.

தமிழ் வழி என்று ஏன் தயங்குகிறீர்கள்? கணையம், மண்ணீரல், பித்தப்பை, மூச்சுக்குழல் எல்லாம் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள். மண்ணீரல் எது என்று தெரிந்தவருக்கு ஸ்பிளீன் என்ற பெயர் ஒட்டிக்கொள்ள ஒரு நாள் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள். இலியம் என்று எழுதினால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பெலும்பா? இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். நடுவில் ஆங்கிலத்தின் ஈ எழுத்து வந்தால் குடல், ஐ எழுத்து வந்தால் எலும்பு. டிஸ்பேஜியா, டிஸ்பேசியா இரண்டும் அதே ரகம். முதலாவது விழுங்குவதில் சிரமம், இரண்டாவது பேச்சில் சிரமம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டும் சேர்ந்தே வரக்கூடும் என்பதால் ஊகித்துச் சமாளிக்கவும் முடியாது. யூரிட்டர், யூரித்ரா சங்கதியும் இப்படித்தான். முதலாவது சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய், இரண்டாவது பையிலிருந்து வெளியே போவது.

துண்டுகளும் சில நேரம் ஏமாற்றும். மையலோ என்பது எலும்பு மஜ்ஜையையும் குறிக்கும், தண்டுவடத்தையும் குறிக்கும். ஆஸ்டியோமைலைட்டிஸ் என்றால் எலும்பிலும் மஜ்ஜையிலும் அழற்சி. போலியோமைலைட்டிஸ் என்றால் தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியில் அழற்சி. போலியோ என்ற கிரேக்கத் துண்டுக்குச் சாம்பல் நிறம் என்றுதான் பொருள். நாம் சொட்டு மருந்தோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லி அதையே நோயின் பெயராக்கிவிட்டோம்.

சரி, இனி உடலுக்கு வருவோம். இங்கேதான் உங்கள் தாவரவியல் கைகொடுக்கும். செல் என்ற பெயரே உங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான். 1665-ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது மரத்தக்கையின் சீவல். 1838-ல் தாவரங்கள் செல்களால் ஆனவை என்று சொன்ன ஷ்லைடன் ஒரு தாவரவியலாளர். விலங்குகளுக்கும் அதுதான் என்று ஷ்வான் எழுதியது அதற்கு அடுத்த ஆண்டு. செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து மண்டலம் என்ற அடுக்கு உங்களுக்குப் புதிதல்ல. சைலம், ஃபுளோயம் என்ற தாவரத் திசுக்கள் இருந்த இடத்தில் இங்கே நான்கு திசுக்கள்: எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. பயிற்சி வகுப்புகளில் இந்தப் பாடத்தை அரை மணி நேரத்தில் ஓட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதற்கு ஒரு வாரம் ஒதுக்கலாம்.

காரணம் சொல்கிறேன். புற்றுநோயின் பெயரே அது எந்தத் திசுவில் பிறந்தது என்பதைச் சொல்லிவிடும். தோல், குடலின் உள்பூச்சு, சுரப்பிகள் போன்ற எபிதீலியத் திசுவில் பிறந்தால் கார்சினோமா. சுரப்பியில் என்றால் முன்னால் அடினோ சேரும், அடினோகார்சினோமா. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு போன்றவற்றில் பிறந்தால் சார்கோமா: ஆஸ்டியோசார்கோமா, காண்ட்ரோசார்கோமா, லிப்போசார்கோமா. இப்போது ஒரு சார்ட் வருகிறது என்று வையுங்கள். மார்பகத்தில் கார்சினோமா, முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. வீட்டாரும் சரி, சில சமயம் நர்ஸ் குறிப்பும் சரி, எலும்புப் புற்றுநோய் என்றே சொல்லும். ஆனால் அந்த எலும்பில் இருப்பவை மார்பகத்தின் செல்கள். எலும்பிலேயே பிறந்த புற்றுக்கு உரிய சி40, சி41 பக்கமே போகக் கூடாது. மார்பகத்துக்கு சி50-ல் ஒரு கோடு, எலும்புக்குப் பரவியதற்கு சி79.51. எந்தச் செல், எந்தத் திசு என்ற கேள்வி மனத்தில் இருந்தால் இது தானாக வரும். பட்டியலை மட்டும் உருப்போட்டவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

ஓமா என்று முடிவதெல்லாம் புற்று என்றும் நினைத்துவிட வேண்டாம். லிப்போமா வெறும் கொழுப்புக் கட்டி. ஹெமடோமா என்றால் அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொண்டது. கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது, அது கண் நரம்பைப் பாதிக்கும் நோய். ஆனால் அதே மாதிரிச் சாதுவாக ஒலிக்கும் லிம்போமாவும் மெலனோமாவும் புற்றுதான். இந்த நாலைந்தை உருப்போட்டுத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

செல்லுக்கு சைட் என்று வால். எரித்ரோசைட் சிவப்பணு, லூக்கோசைட் வெள்ளையணு, த்ராம்போசைட் தட்டணு. பீனியா என்றால் குறைவு. டெங்கு சீசனில் பிளேட்லெட் இறங்கிவிட்டது என்று ஊரெல்லாம் பேசுகிறதே, அதன் ரிப்போர்ட் பெயர்தான் த்ராம்போசைட்டோபீனியா. வழக்கமாக ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தை யாரும் கற்றுத்தரத் தேவையில்லை, பெயர்தான் தெரியாமல் இருக்கும்.

இடது வலது பற்றி ஒரு வார்த்தை. சார்ட்டில் வலது என்றால் நோயாளியின் வலது. எக்ஸ்-ரே படத்தில் அது உங்கள் இடது கைப் பக்கம் தெரியும். வலது முழங்கால் தேய்மானத்துக்கு எம்17.11, இடதுக்கு எம்17.12. கடைசி இலக்கம் மாறினால் க்ளைம், அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் பணக் கோரிக்கை, திரும்பி வரும்.

சுருக்கெழுத்துகளைத் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். எம்.எஸ். என்பது நரம்பியல் சார்ட்டில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், இதய சார்ட்டில் மைட்ரல் வால்வு சுருக்கம், மருந்துச் சீட்டில் மார்ஃபின். எந்த சார்ட் என்று தெரியாமல் அதற்குப் பொருளே கிடையாது.

அப்புறம், எந்த வரிசையில் படிப்பது? மண்டலம் மண்டலமாக. சி.பி.டி. புத்தகத்தின் அறுவை சிகிச்சைப் பகுதியே அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. 1-ல் தொடங்குபவை தோல், 2 எலும்பும் தசையும், 3 மூச்சும் ரத்த ஓட்டமும், 4 செரிமானம், 5 சிறுநீரும் இனப்பெருக்கமும், 6 நாளமில்லாச் சுரப்பிகள், நரம்பு, கண், காது. கோடிங் வேலைக்கான சான்றிதழ் தேர்வான சி.பி.சி.யில் 100 கேள்விகளுக்கு 4 மணி நேரம். கோடு புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடைக்காது. நெஃப்ரெக்டமி என்று படித்ததும் சிறுநீரகம் என்று புரிந்து கை நேராக 5-க்குப் போனால் நேரம் மிச்சம். பொருளடக்கத்தில் தேட ஆரம்பித்தால் போயிற்று.

நான் புதியவர்களை எப்போதும் செரிமான மண்டலத்தில்தான் ஆரம்பிக்க வைப்பேன். வாயில் தொடங்கி ஆசனவாய் வரை ஒரே குழாய், உறுப்புகள் வரிசையாக வரும். ஸ்டொமடோ வாய், ஈசோஃபேகோ உணவுக்குழல், கேஸ்ட்ரோ இரைப்பை, என்டரோ குடல், கொலோ பெருங்குடல், ப்ராக்டோ மலக்குடல், பக்கத்தில் ஹெபடோ கல்லீரல். இந்த ஏழுக்கும் ஐட்டிஸ், எக்டமி, ஸ்கோப்பி என்று மூன்று வால்களை ஒட்டிப் பார்த்தாலே இருபது சொற்களுக்குக் குறையாமல் வரும். அதில் சில சொற்கள் நடைமுறையில் இருக்காது. எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க மட்டும் அந்த ஆயிரம் சொல் பட்டியலைத் திறங்கள். அடுத்து எலும்பும் தசையும், பிறகு இதயம், நுரையீரல். கண்ணையும் காதையும் கடைசிக்குத் தள்ளலாம். வேலையில் உங்களை எந்தத் துறைக்குப் போடுகிறார்களோ, அதன் சொற்கள் சார்ட் பார்க்கப் பார்க்கத் தானாகவே வந்துவிடும்.