வில்லனின் வீட்டில் நடந்தது என்ன? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் வில்லன் நிழல்களை ஏவி ஊர்களை அழிக்கும் மந்திரவாதி. மலைநாட்டு அரசனின் இரண்டாவது மகன். தந்தை அவனைச் சிறுவயதிலிருந்தே அடித்தார், தாய் கண்டுகொள்ளவில்லை, அரியணை மூத்தவனுக்குப் போயிற்று. இவற்றையெல்லாம் நீண்ட முன்கதையாக எழுதியிருக்கிறேன். படித்த நண்பர்கள் "பாவம்" என்கிறார்களே தவிர, ஒருவருக்கும் அவன்மீது அச்சம் வரவில்லை. "இதற்காகவா ஊரை எரிக்கிறான்?" என்றும் கேட்கிறார்கள். எங்கே பிசகு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நண்பர்களின் அந்தக் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பிசகு இருக்குமிடம் தெரிந்துவிடும். நீங்கள் சொல்லும் முன்கதை முழுவதிலும் மற்றவர்கள் அவனுக்குச் செய்தவையே வருகின்றன; அவன் விரும்பியது, செய்யத் துணிந்தது, செய்யாமல் விட்டது என்று ஒன்றும் இல்லை. அடிவாங்கி வளர்ந்தவர்களுள் தம் பிள்ளைகள்மீது ஒரு நாளும் கை வைக்காத தகப்பன்மார்களும் இருக்கிறார்கள் என்பதால், அடி மட்டுமே ஊரெரிப்பை விளக்கிவிடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் அவனாக எடுத்த முடிவுகள் சில இருந்தாக வேண்டும்; அவற்றுள் முதல் ஒன்றிரண்டு, படிப்பவருக்கு நியாயமாகவே தோன்றவும் வேண்டும்.

வான்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கம்பர் யுத்த காண்டத்துடன் நிறுத்திக்கொண்டதாலோ என்னவோ, நம்மில் பலர் இராவணனின் இளமைக் கதையைப் படிக்காமலே போய்விடுகிறோம். குபேரனும் இராவணனும் ஒரே தந்தைக்கு, விச்சிரவசு முனிவருக்கு, வெவ்வேறு மனைவியரிடம் பிறந்தவர்கள். இராவணனின் தாய் கைகசி, திருமாலுக்கு அஞ்சி இலங்கையை விட்டுப் பாதாளத்துக்கு ஓடிய சுமாலியின் மகள். அந்த இலங்கையிலோ இப்போது மூத்தாள் மகன் குபேரன் வாழ்கிறான். தந்தையைக் காண அவன் புட்பக விமானத்தில் வந்து இறங்கும் ஒரு நாளில், கைகசி அவனைச் சுட்டிக்காட்டி, உன் அண்ணனைப் பார், உன் நிலையையும் பார், நீயும் அவனைப் போல் ஆக முயல வேண்டும் என்று மகனிடம் சொல்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டும் தாய்மாரை அறிந்த நமக்கு இந்த இடத்தில் உரை தேவைப்படாது. அண்ணனுக்கு நிகராவேன், இல்லையேல் அவனை விஞ்சுவேன் என்று சபதம் செய்துவிட்டு அவன் கோகர்ணத்துக்குத் தவம் செய்யப் போகிறான். அடியும் இல்லை, உதையும் இல்லை. ஒரே காட்சியில் அவனுக்கு என்ன வேண்டும் என்பதும், அதை அவனுக்கு ஊட்டியவர் யார் என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

அதைவிட முக்கியமானது அடுத்து வருகிறது. தன் மகள் வயிற்றுப் பேரன் வரம் பெற்றுவிட்டான் என்று அறிந்து பாதாளத்திலிருந்து மேலே வரும் சுமாலி, இழந்த இலங்கையைக் குபேரனிடமிருந்து பறித்துக்கொள் என்று தூண்டுகிறான். இராவணன் மறுக்கிறான்! குபேரன் நமக்கு மூத்தவன், இப்படிப் பேசுவது தகாது என்று பாட்டனை அடக்கியும் விடுகிறான். சில காலம் கழித்து மாமன் பிரகத்தன் வந்து, வீரர்களுக்கு உடன்பிறப்பு என்ற உறவெல்லாம் கிடையாது, தேவரும் அசுரரும் அக்காள் தங்கையின் பிள்ளைகளாக இருந்தும் போரிடவில்லையா என்று சாதுரியமாக எடுத்துச் சொன்ன பிறகே அவன் மனம் மாறுகிறது. இராவணன் வில்லனாக மாறியது பஞ்சவடியில் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் கணிப்பில், அந்த மறுப்பு சம்மதமாக மாறிய சற்று நேரத்திலேயே அது நடந்து முடிந்துவிட்டது.

உங்கள் மந்திரவாதிக்கும் அப்படி ஒரு மறுப்பைக் கொடுங்கள். முன்கதையை ஒரு காட்சியாகச் சுருக்கி, அதில் அவன் நிழலை முதன்முறையாக ஏவுவது தந்தையின் பிரம்பிலிருந்து ஒரு குதிரைலாயப் பையனைக் காப்பாற்றுவதற்காக என்று வைத்துக்கொள்ளலாம். பிரம்பு காற்றிலேயே நின்றுவிடுகிறது, வாசகர் மகிழ்கிறார். இரண்டாம் முறை அவன் நிழலை ஏவும்போது அங்கே யாரையும் யாரும் அடிக்கவில்லை. தந்தை உணவருந்திக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். முதல்முறை அவனுடைய வெற்றியை விரும்பிய வாசகருக்கு இரண்டாம் முறை வயிற்றைக் கலக்கும். நீங்கள் தேடும் அச்சம் அங்கிருந்து வரும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தனக்கு நேர்ந்ததைப் பற்றி வில்லன் சொல்லும் கதையும் உண்மையில் நடந்த கதையும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. பாரதத்தின் சபா பருவத்தில், மயன் கட்டிய மண்டபத்துத் தடாகத்தைத் தரையென்று எண்ணித் துரியோதனன் விழும்போது சிரிப்பவர்கள் பீமனும், அருச்சுனனும், நகுல சகதேவரும், பணியாட்களுமே. அத்தினாபுரம் திரும்பி அதையே தந்தையிடம் முறையிடும்போது கண்ணனும், திரௌபதியும், அவளுடன் இருந்த பெண்களும் சிரித்தவர்களாகச் சேர்ந்துவிடுகிறார்கள். கண் ஏமாந்ததால் நேர்ந்த அவமானத்தைக் கண்ணில்லாத தந்தையிடம் ஒருவன் பெருக்கிச் சொல்கிறான் என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் முன்கதையை நீங்கள் சொல்லாமல் மந்திரவாதியையே சொல்ல வைத்து, பிற்பாடு அவன் அண்ணன் வாயிலாக அதே நாளை வேறு விதமாகச் சொல்லச் செய்தால், இருவரில் யாரை நம்புவது என்று வாசகர் தாமே தடுமாறட்டும்.

கேள்வி: வில்லனின் குடும்பத்தார் அவனைப் போலவே கொடியவர்களாக இருக்க வேண்டுமா? நல்லவர்களாகக் காட்டினால் அவனோடு ஏன் இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுகிறதே?
– வாசகி, மதுரை

பதில்: அந்தக் கேள்வி எழட்டும், அதுதான் உங்கள் நாவலுக்குத் தீனி. இராவணனின் வீட்டில் ஒன்றாக வளர்ந்த மூன்று ஆண்மக்களில் ஒருவன் அண்ணனை விட்டு விலகுகிறான். ஒருவன் அண்ணன் செய்தது தவறு என்று சபையிலேயே சொல்லிவிட்டு, பிறகு அவனுக்காகவே சாகப் போகிறான். கம்பரின் கும்பகருணன் மந்திராலோசனையில் பேசுவதைக் கேளுங்கள்: "பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்!" இதைவிடக் கூர்மையாக எந்தப் பகைவனும் இராவணனைக் குத்தவில்லை. ஆனால் போர்க்களத்தில் வீடணன் வந்து இராமனிடம் அழைக்கும்போது, நீர்மேல் எழுதிய கோலம் போன்ற வாழ்வை விரும்பி, தன்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்கிறான். வளர்த்தவனுக்குப் பட்ட கடன் அவனைக் கட்டிப்போடுகிறது. அவன் தீயவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் அவன் கையால் வானரர் செத்து விழுகிறார்கள்.

வில்லனின் நோக்கத்தை வெளிக்கொணரவும் குடும்பத்தாரே உதவுவார்கள். வேள்வி குலைந்து திரும்பும் இந்திரசித்து, சீதையின்மேல் உள்ள ஆசையை விட்டுவிடுங்கள் என்று தந்தையிடம் சொல்கிறான். அதற்கு இராவணன் சொல்லும் பதிலில், முன்பு இறந்தவர்களையோ உன்னையோ நம்பி இந்தப் பகையைத் தொடங்கவில்லை, "என்னையே நோக்கி யான் இந் நெடும் பகை தேடிக்கொண்டேன்" என்கிறான். எந்தப் பகைவனிடமும் அவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். தோற்றாலும் இராமன் பெயர் நிற்கும் வரை தன் பெயரும் நிற்கும் என்ற கணக்கும் அந்தப் பேச்சிலேயே வெளிப்படுகிறது. காதல், தங்கையின் மானம் என்ற சாக்குகளெல்லாம் உதிர்ந்து, கடைசியில் எஞ்சுவது தன் பெயர் ஒன்றே என்று மகனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. அந்த மகன் அடுத்துப் போவது சாவதற்கு.

ஆகவே வில்லனின் ஒவ்வொரு உறவினரும் அவனிடமிருந்து எதை எதிர்பார்க்கிறார் என்று எழுதி வைத்துக்கொண்டு, அவர்களுடன் அவன் தனியே பேசும் காட்சிகளை முதலில் எழுதிப் பாருங்கள். படைவீரர்களிடம் கர்ச்சிப்பவன் தாயிடம் பேசும்போது என்ன குரலில் பேசுகிறான் என்பது தெரியாத வரை உங்களுக்கும் அவன் அந்நியனே.

கேள்வி: வில்லனுக்கு ஒரு தங்கை உண்டு. அவளை வெறும் பகடைக்காயாக்காமல் இருக்க என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அவளுக்கு அண்ணன்மீதே ஒரு வழக்கு இருக்கட்டும். சூர்ப்பணகையின் கணவன் வித்யுச்சிகுவனைப் போர் வெறியில் வெட்டிக் கொன்றவன் இராவணனே என்கிறது உத்தர காண்டம். அவள் அழுது சாடுகிறாள். அவன் சமாதானம் சொல்லி, உறவினன் கரனுடன் தண்டகவனத்துக்கு அனுப்பிவைக்கிறான். மூக்கறுபட்டு இலங்கைக்கு ஓடிவரும் அவள்தான் பின்னாளில் சீதையின் அழகை அவன் காதில் போடுகிறாள். அவள் அண்ணனைப் பழிவாங்கினாள் என்று காவியம் சொல்லவில்லை. இருந்தும், அவளை அறிமுகம் செய்யும்போதே அரக்கர் வேந்தனை "மூல நாசம் பெற முடிக்கும்" வலிமை உடையவள் என்கிறார் கம்பர். சொல்லாமல் விட்ட அந்த இடத்தில் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு முழு நாவலே கிடக்கிறது.

கேள்வி: மந்திர சக்திக்கும் வில்லனின் மனத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இருந்தால்தான் மிகுபுனைவு என்ற வடிவத்துக்கே பொருள். இன்னின்னாரால் தனக்குச் சாவு வரக்கூடாது என்று இராவணன் வரம் கேட்கும்போது மனிதரை விட்டுவிட்டது மறதியால் அன்று. மனிதர்களை அவன் புல்லாக மதித்தான். அந்த அலட்சியமே அவன் வரத்தில் ஓட்டை. உங்கள் வில்லன் எதைக் கேட்காமல் விட்டான் என்பதை அவன் எதை மதிக்கவில்லை என்பதிலிருந்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இறுதி அத்தியாயத்தில் தந்தை மன்னிப்புக் கேட்க, வில்லன் திருந்துவதாக முடிக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: முடிக்கலாம். எரிந்த ஊர்களில் மிஞ்சியவர்களை அந்த அறையில் நிறுத்திவிட்டு எழுதிப் பாருங்கள். தந்தையும் மகனும் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் கணக்கில் அவர்களுக்கு ஒன்றும் வந்து சேராது. நானாக இருந்தால் அந்த மன்னிப்பை நாவலின் நடுவிலேயே வைத்துவிடுவேன். தந்தை மனமாரக் கேட்கிறார், மகனும் அழுகிறான், மறுநாள் காலை படை வழக்கம்போல் புறப்படுகிறது. அப்போது அவனைத் தொடர்ந்து நடத்துவது எது என்று நீங்கள் கண்டுபிடித்தாக வேண்டியிருக்கும்.