மக்கள்தொகை படித்தால் வேலை கிடைக்குமா? பெரம்பூர் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

"இன்ஜினியரிங் கிடைக்கிற மார்க் இருக்கு சார். ஆனா பொண்ணு ஜனத்தொகை படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இதுக்கெல்லாம் வேலை இருக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அவள் பார்த்து வைத்திருக்கிற வழியில் போனால் சிரமம். வடக்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் லட்சக்கணக்கில் கட்டி, மூன்று வருடம் மக்கள்தொகை என்ற பெயரிலேயே பி.ஏ. படிப்பது வேண்டாம். சென்னையிலேயே பி.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கட்டும். மக்கள்தொகையியலை முதுகலையில் வைத்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லவும் உதவும்.

ஜனத்தொகை என்றதும் அவருக்கு நினைவுக்கு வருவது குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' விளம்பரமுமாகத்தான் இருக்கும். அவர் பள்ளியில் படித்த காலத்தில் 'மக்கள்தொகைப் பெருக்கம்' என்று கட்டுரை எழுதாதவர்கள் கிடையாது. அன்றைக்கு அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1960-ல் 300 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை, அந்தப் பத்தாண்டில் வருடத்துக்கு 2 சதவீதம் என்ற வேகத்தில் ஏறியது. அதே வேகம் நீடித்தால் 35 வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். இப்போது அந்த வேகம் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 2022 நவம்பர் 15-ல் 800 கோடியைத் தொட்டோம். 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடி வரை ஏறி, அதற்கப்புறம் மெல்ல இறங்கும் என்பது ஐ.நா. 2024-ல் வெளியிட்ட கணிப்பு.

இன்றைக்குப் பல நாடுகளின் கவலை பிள்ளைகள் பிறப்பதில்லை என்பதுதான். மக்கள்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். தென்கொரியாவில் 2023-ல் அது 0.72. ஜப்பானில் ஒரு பெரிய நிறுவனம் உள்நாட்டில் குழந்தைகளுக்கான டயப்பர் விற்பதை 2024-ல் நிறுத்திவிட்டு, முதியோருக்கான டயப்பர் பக்கம் போய்விட்டது. ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி அந்த எண் 1.8. நூறு பேரில் 13 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இதில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. எந்த ஊரில் பள்ளிக்கூடம் காலியாகும், எங்கே முதியோர் மருத்துவமனை வேண்டும், ஓய்வூதியத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதையெல்லாம் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தானே ஆக வேண்டும்? உங்கள் மகள் கேட்கிற படிப்பு அதற்கானது. தொகுதி மறுவரையறை என்று டிவியில் தினமும் சண்டை போடுகிறார்களே, அதற்கும் அடி இதுதான். மக்களவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது இன்றைக்கும் 1971 சென்சஸை வைத்துத்தான் இருக்கிறது. பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு இடம் குறையுமா என்பதுதான் சண்டை.

இடப்பெயர்வு இந்தப் படிப்பின் இன்னொரு பாதி. எனக்குப் பிடித்த பாதியும் அதுதான். அதைப் படிக்கச் சென்னையைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். 1860 அக்டோபரில் இங்கிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல், கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. நூறு வருடம் கழித்து, பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் கடை போட்டார்கள். பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இன்றைக்கு சென்ட்ரலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வந்து நின்றால் ஒடிசா, வங்காளத்துப் பையன்கள் மூட்டையோடு இறங்குகிறார்கள். இதே சென்னையிலிருந்து நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் விமானம் ஏறுகிறார்கள். 2015-ல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம். அதில் சிங்கப்பூருக்கு முதலிடம்.

இவ்வளவு பேர் போகிறார்களே, உலகமே மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2024-ல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் இருந்தவர்கள் சுமார் 30 கோடி, அதாவது நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. நாட்டுக்குள்ளேயே நகர்ந்தவர்கள்தான் அதிகம். 2011 சென்சஸில் இந்தியாவில் மட்டும் 45 கோடிக்கு மேல். அதில் பெரும்பங்கு கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்கள். கும்பகோணத்திலிருந்து பெரம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, சென்சஸ் கணக்கில் நீங்களும் இடம்பெயர்ந்தவர்தான் அம்மா. பெரும்பாலானோர் பக்கத்து ஊருக்குத்தான் போகிறார்கள், நாட்டுக்குள் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம் மாறுகிறார்கள் என்று ராவன்ஸ்டைன் என்பவர் 1885-லேயே இங்கிலாந்து சென்சஸை அலசி எழுதிவைத்தார். பாடப்புத்தகத்தில் இன்றைக்கும் அவர் இருக்கிறார்.

சரி, உங்கள் மகளுக்கு இது நிஜமான ஆசையா, யூடியூப் பார்த்து வந்த ஆசையா? கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காசு செலவில்லை. சென்சஸ் இணையதளத்தில் 2011-க்கான சி-13 என்ற அட்டவணை இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு வயதிலும் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டுக்கானதை இறக்கி, எக்செலில் ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு வழவழவென்று இறங்காது. 30, 35, 40, 45 என்று ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிகிற வயதுகளில் குத்திட்டு ஏறும். 60-ல் ஒரு பெரிய குன்று, 59-லும் 61-லும் பள்ளம். அதெப்படி 60 வயதுக்காரர்கள் மட்டும் அவ்வளவு பேர்?

கணக்கெடுக்கப் போகிற டீச்சர் வாசலில் நின்று "பாட்டி, உங்க வயசு என்ன?" என்று கேட்பார். "என்ன ஒரு அறுபது இருக்கும், போட்டுக்கோம்மா" என்று பாட்டி சொல்லும். மழை பெய்து ஏரி உடைந்த வருஷம் பிறந்ததாகத்தான் அதற்கு ஞாபகம். பிறப்புச் சான்றிதழ் எங்கே இருந்தது? இப்படி லட்சக்கணக்கான பாட்டிகள் சொன்னதுதான் அந்தக் குன்று. எவ்வளவு பேர் வயதை உருட்டிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒரு கணக்கு உண்டு. அதை அளந்து, குன்றைச் சமன்செய்து, அதன் பிறகுதான் முதியோர் எத்தனை பேர் என்று சொல்லவே முடியும். ஆண்கள் வரைபடத்தையும் பெண்கள் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து, எதில் குன்று பெரிது, ஏன் என்று அவளே யோசிக்கட்டும். சாப்பாட்டை மறந்து அதில் உட்கார்ந்துவிட்டால் இந்தப் படிப்பு அவளுக்கு ஏற்றது, தாராளமாக விடலாம். அரை மணி நேரத்தில் லேப்டாப்பை மூடிவிட்டால் அதுவும் நல்லதுதான், இப்போதே தெரிந்துவிட்டது.

புள்ளியியல் டிகிரி முதலில் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இந்தத் துறையில் வேலைக்கு எடுப்பவர்கள் அட்டவணையைக் கையாளத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். டிகிரியின் பெயரைப் பார்த்து யாரும் எடுப்பதில்லை. நடுவில் மனம் மாறினாலும் புள்ளியியல் படித்தவளுக்கு வங்கி, காப்பீடு, டேட்டா வேலை என்று நிறைய இருக்கிறது. மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி மூன்றிலும் பி.எஸ்ஸி. புள்ளியியல் உண்டு. பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருப்பதால் தகுதிப் பிரச்சினை இல்லை. வரைபடம், ஊர், நிலம் என்று மனம் போனால் ராணி மேரியிலோ மாநிலக் கல்லூரியிலோ புவியியலும் எடுக்கலாம். ஆனால் கூடவே புள்ளியியலைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகள் இரண்டில் ஒன்றாவது இரண்டாம் வருடத்துக்குள் கைவர வேண்டும். கோடம்பாக்கத்தில் பணம் கட்டிக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதுகலைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். 1956-ல் தொடங்கியது, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. நான் மேலே சொன்ன குடும்ப நலக் கணக்கெடுப்பை நடத்துவதே அவர்கள்தான். அங்கே உயிர்ப்புள்ளியியலும் (சுகாதாரத்துக்கான புள்ளியியல்) மக்கள்தொகையியலும் சேர்ந்த எம்.எஸ்ஸி. இருக்கிறது. அதற்குப் புள்ளியியல் பட்டம் பெரிய பலம். ஆராய்ச்சி என்று போனால் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், இங்கே அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்.

இனி வேலை. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்த பட்டதாரிகள் 21 முதல் 30 வயதுக்குள் எழுதலாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. தேனாம்பேட்டையில் இருக்கும் மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுப்பார்கள். ஐ.நா. அமைப்புகள், சுகாதாரத் தொண்டு நிறுவனங்கள், சர்வே நடத்தும் கம்பெனிகள், நகரத் திட்டமிடல் நிறுவனங்கள் என்று தனியார் பக்கமும் உண்டு. காப்பீட்டில் இடரைக் கணக்கிடும் ஆக்சுவரி ஆவது இதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்ற ஆயுள் அட்டவணைதான் இரண்டுக்கும் அடிப்படை. அதற்கான நுழைவுத் தேர்வைப் பிளஸ் டூ முடித்ததுமே எழுதலாம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்ப வேலைகளில் பல ப்ராஜெக்ட் முடிகிற வரைதான், கான்ட்ராக்ட். ஐ.டி.யில் சேர்ந்த தோழியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் முதல் சில வருடம் மனசு வலிக்கும். ஆராய்ச்சியில் நிலைக்க பிஎச்.டி. வேண்டியிருக்கும். அப்போது "இன்னும் எத்தனை வருஷம் படிப்பா, கல்யாணம் எப்போ?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அதற்கு நீங்கள்தான் இப்போதே தயாராக வேண்டும், அவள் இல்லை. ஒரு நல்ல விஷயம், காலம் அவளுக்குச் சாதகமாக இருக்கிறது. 2011-க்குப் பிறகு பதினாறு வருடம் கழித்து 2027-ல் சென்சஸ் வருகிறது. முதல் முறையாக மொபைலில் எடுக்கிறார்கள், சாதிக் கணக்கும் சேர்கிறது. அந்தத் தரவுகள் ஒவ்வொன்றாக வெளியாகிற வருடங்களில்தான் அவள் படித்து முடித்து வெளியே வருவாள்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டிருந்தார். டிகிரிக்கு வேண்டாம். முதுகலைக்குப் பார்க்கலாம். ஆனால் விசா விதியை நம்பிக் கடன் வாங்காதீர்கள். கனடா 2024-ல் மாணவர் விசாக்களுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டது. அதே 2024-ல் ஜெர்மனி இந்தியத் திறனாளர்களுக்கான விசாவை வருடத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்கியது. ஒரே வருடத்தில் ஒரு கதவு சாத்துகிறது, இன்னொன்று திறக்கிறது. ஆள் பற்றாக்குறை இருக்கும் நாடும்கூட தேர்தல் வந்தால் விதியை மாற்றும்.

அவர் இன்ஜினியரிங்கை விட மாட்டேன் என்றால் ஒரு சமாதானம் இருக்கிறது. கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு பிரிவு. செயற்கைக்கோள் படம், டிஜிட்டல் வரைபடம் என்று போகும். அதிலிருந்தும் மக்கள்தொகை, நகர வளர்ச்சி ஆய்வுக்கு வரலாம். அதனால் பொறியியல் கவுன்சலிங்குக்குப் பதிந்து வையுங்கள், கலைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பியுங்கள். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டாம். கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் எய்டடா (அரசு உதவி பெறுவதா), செல்ஃப் ஃபைனான்ஸா என்று பார்த்து டிக் செய்யுங்கள். பல கல்லூரிகளில் ஒரே பாடம் இரண்டு ஷிஃப்டிலும் இருக்கும், ஃபீஸ் வித்தியாசம் பெரிது. எய்டடில் இடம் கிடைத்தால், அந்த வடக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மும்பை முதுகலைச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம்.