கடவுச்சீட்டுப் படத்துக்குக் கையெழுத்திட யாரைக் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருமணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்த எனக்கு அண்மையில் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. முதல் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, படத்தில் இருப்பது நான்தான் என்று தகுதியுள்ள ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்கிறார்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் எனக்காகக் கையெழுத்திட்ட இருவரையே மறுபடியும் கேட்கலாம் என்று நினைத்தேன். ஒருவர் பாடசாலை ஆசிரியை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். மற்றவர் பக்கத்து வீட்டு அக்கா. பிரித்தானியக் கடவுச்சீட்டு உண்டு, சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்கிறார். இருவருமே சரிவர மாட்டார்கள் என்கிறார் என் கணவர். குடும்ப மருத்துவர் மறுத்துவிட்டார். சட்டத்தரணி ஒருவர் பணம் கொடுத்தால் கையெழுத்திட்டுத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகி, ஹரோ

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. குடியுரிமை விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கும் விதிகள் வேறு வேறு. இதை அறியாமல் பலர் அலைகிறார்கள். குடியுரிமைக்கு இருவர் தேவை, இருவரும் உங்களை மூன்று ஆண்டுகளாவது அறிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மதிப்புள்ள தொழில் செய்பவராக இருந்தால் போதும், எந்த நாட்டவராகவும் இருக்கலாம். மற்றவர் பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவராகவும், தொழில் தகுதி இல்லாவிட்டால் 25 வயதைக் கடந்தவராகவும் இருக்க வேண்டும். அதாவது, தொழில் ஒருவரிடமும் கடவுச்சீட்டு இன்னொருவரிடமும் இருந்தால் அங்கே கணக்குச் சரியாகிவிடுகிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்திலோ கையெழுத்திடுபவர் ஒரே ஒருவர். இரண்டு தகுதியும் அந்த ஒருவரிடமே இருக்க வேண்டும். உங்களை அவர் குறைந்தது இரண்டு ஆண்டுகளாக அறிந்திருக்க வேண்டும். இங்கே வசிப்பவரானால் செல்லுபடியாகும் பிரித்தானிய அல்லது அயர்லாந்துக் கடவுச்சீட்டு அவரிடம் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொழிலில் இருப்பவராகவோ அதிலிருந்து ஓய்வு பெற்றவராகவோ, அல்லது தம் சமூகத்தில் நன்மதிப்புப் பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஆகவே ஆசிரியை எவ்வளவு நெருங்கியவர் என்றாலும் அவரை விட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டாம். அவர் சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்கிறார் என்பதோடு விசாரணை முடிந்துவிடுவதில்லை. வேறு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்றின் தலைவரும் செயலாளரும் கடவுச்சீட்டு அலுவலகத்தின் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். லண்டனில் யாழ்ப்பாணப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் பொறுப்பு வகிப்பவர்கள் வார நாட்களில் கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ நிற்பவர்களாக இருப்பதும் புதிதல்ல.

நம்மவர்கள் இந்தக் கையெழுத்துக்காகப் பெரிய மனிதர்களையே தேடி ஓடுகிறார்கள். ஊரில் கிராம அலுவலரிடமோ சமாதான நீதவானிடமோ போய், முன்பின் பழக்கம் இல்லாவிட்டாலும் ஆவணத்தைக் காட்டி முத்திரை வாங்கி வந்த பழக்கம் இதற்குக் காரணமாக இருக்கலாம். இங்கே பதவி இரண்டாம்பட்சம். உங்களை அறிந்தவர் என்பதுதான் முதலில் பார்க்கப்படுவது. தொழில் பட்டியலும் நாம் நினைப்பதைவிட அகலமானது. ஆசிரியர், கணக்காளர், தாதி, மருந்தாளர், பல் வைத்தியர், வங்கி அலுவலர், தபால் அலுவலக அதிகாரி, உள்ளூராட்சி அலுவலர், தீயணைப்பு அதிகாரி, தகுதி பெற்ற பயண முகவர், காப்புறுதி முகவர், தொழில்முறைப் புகைப்படக்காரர், ஈமச்சடங்கு ஒழுங்குசெய்பவர், உரிமம் பெற்ற மதுச்சாலை நடத்துபவர் எல்லோருமே அதில் உண்டு. லிமிடெட் கம்பனி ஒன்றின் இயக்குநரும் உண்டு என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள். தெருமுனைக் கடையை நடத்தும் தமிழர்கள் பலர் கடையைக் கம்பனியாகப் பதிந்து, தாமே அதன் இயக்குநராக இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்காக நீங்கள் பால் வாங்கிப் பேசிப் பழகிய கடைக்காரர், உங்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிற அளவுக்கு நண்பராகியிருந்தால், அவரைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

கோயில் குருக்களைப் பலர் முதலில் நினைக்கிறார்கள். மதகுரு என்ற வகையில் அவருக்குத் தொழில் தகுதி உண்டுதான். ஆனால் கோயிற் பணிக்கான விசாவில் வந்து, இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவரானால் அவரால் கையெழுத்திட முடியாது. கேட்கும் முன்பே இதைத் தெரிந்துகொண்டால் இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை.

குடும்ப மருத்துவர் மறுத்ததில் தவறு காண முடியாது. மருத்துவர் உங்களைத் தனிப்பட்ட முறையில் நன்கு அறிந்தவராக, படத்தைப் பார்த்தவுடன் அடையாளம் காணக்கூடியவராக இருந்தால் மட்டுமே கையெழுத்திடலாம். தொழில்முறைப் பழக்கம் மட்டும் போதாது என்ற இதே விதி சட்டத்தரணிக்கும் பொருந்தும். முன்பின் தெரியாத ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு “இரண்டு ஆண்டுகளாகத் தெரியும்” என்று எழுதித் தருவாரானால், அது உங்கள் விண்ணப்பத்தில் ஏறுகிற பொய். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உறவினர் எவரும் கூடாது. பிறப்பால் வந்த உறவு மட்டுமல்ல, திருமணத்தால் வந்த மச்சாள், கணவரின் சிற்றப்பா எல்லோரும் விலக்கு. ஒரே வீட்டில் வசிப்பவரும், கடவுச்சீட்டு அலுவலகத்தில் பணிபுரிபவரும் கூடாது. நாம் வாய்நிறைய மாமா, மாமி என்று அழைக்கிற அயலவர்களுக்கு இதில் தடை இல்லை. அவருக்கும் உங்களுக்கும் இரத்த உறவோ மண உறவோ இல்லை என்பது உறுதியாக இருந்தால் போதும்.

கேள்வி: சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் தொண்டராகக் கற்பிக்கிறேன்; வார நாட்களில் வங்கியில் வேலை. பிள்ளைகளின் கடவுச்சீட்டுப் படங்களில் கையெழுத்துக் கேட்டுப் பெற்றோர் அடிக்கடி வருகிறார்கள். ஒரு தாயை எனக்குச் சென்ற ஆண்டிலிருந்துதான் தெரியும். “ஒரு கையெழுத்துத்தானே அக்கா” என்கிறார். பின்னால் எனக்கு ஏதும் வில்லங்கம் வருமா?
– வாசகி, டூட்டிங்

பதில்: முதலில் உங்கள் தகுதியைப் பற்றி ஒரு சொல். தொண்டாகக் கற்பிப்பதை ஆசிரியத் தொழிலாக ஏற்பார்களா என்ற விவாதத்துக்கே இடம் வைக்காமல், தொழில் என்ற இடத்தில் உங்கள் வங்கிப் பதவியை எழுதுங்கள். அது பட்டியலில் நேரடியாக இருக்கிறது.

பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு விண்ணப்பிக்கும்போது, படிவத்தில் கையெழுத்திடுகிற பெற்றோரை நீங்கள் இரண்டு ஆண்டுகள் அறிந்திருக்க வேண்டும். பிறந்து நான்கு மாதமான குழந்தையை எப்படி இரண்டு ஆண்டுகள் அறிவது என்று குழம்ப வேண்டியதில்லை என்பதற்காகவே விதி இப்படி அமைந்திருக்கிறது. அந்தத் தாயை ஓர் ஆண்டாகத்தான் தெரியும் என்றால் நீங்கள் கையெழுத்திடக் கூடாது. பிள்ளையின் தந்தையை நீண்ட காலமாக அறிந்திருந்தால், அவர் பெயரில் விண்ணப்பம் போகட்டும். பிள்ளையையும் நீங்கள் பார்த்துப் பழகியிருப்பதால் படத்தை உறுதிப்படுத்துவதில் சிக்கல் இராது.

கையெழுத்திடுவதால் அந்தக் குடும்பத்தின் கடனுக்கோ நடத்தைக்கோ நீங்கள் பிணையாகிவிட மாட்டீர்கள். படத்தில் இருப்பவர் இன்னார், படிவத்தில் உள்ளவை நான் அறிந்த வரையில் உண்மை என்பதை மட்டுமே சொல்கிறீர்கள். ஆனால் அதைப் பொய்யாகச் சொன்னால் விஷயம் வேறு. கடவுச்சீட்டுப் பெறுவதற்காகத் தெரிந்தே பொய் சொல்வது 1925ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். படிவத்தில் உங்கள் பெயர், முகவரி, தொழில், கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் எழுதப்படுவதால், விவரம் சரிபார்க்க உங்களையும் தொடர்புகொள்ளக்கூடும். அந்தத் தாயிடம் முகத்தை முறிக்காமல், “இரண்டு வருடம் தெரிந்திருக்க வேண்டும் என்று படிவமே கேட்கிறது” என்று அந்த வரியைக் காட்டிவிடுங்கள். அவருக்கும் அது புதிய செய்தியாக இருக்கலாம்.

கேள்வி: மனைவியின் கடவுச்சீட்டு காலாவதியாகப் போகிறது, மகளுக்கு எட்டு வயது, அவளுடையதும் முடிகிறது. இருவருக்கும் கையெழுத்து வேண்டுமா? படத்தில் என்ன எழுத வேண்டும்?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: மனைவியின் முகம் பழைய கடவுச்சீட்டுப் படத்திலிருந்து அடையாளம் காண முடியாத அளவுக்கு மாறியிருந்தாலொழிய, அவருடைய புதுப்பித்தலுக்குக் கையெழுத்துத் தேவையில்லை. மகளுக்குத் தேவை. பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புதுப்பிக்கும்போதும் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். முதல் கடவுச்சீட்டுக்கும், தொலைந்த, திருடப்பட்ட அல்லது சேதமடைந்த கடவுச்சீட்டுக்குப் பதிலாகப் புதியது எடுப்பதற்கும் வயது வேறுபாடின்றி இதே விதிதான்.

காகிதப் படிவமானால் 45 மில்லிமீட்டர் உயரமும் 35 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட, ஒரு மாதத்துக்குள் எடுத்த ஒரே மாதிரியான இரண்டு படங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றின் பின்புறத்தில் மட்டும், இது இன்னாருடைய உண்மைத் தோற்றம் என்ற உறுதிமொழியை மகளின் முழுப் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் இடச் சொல்லுங்கள். வாசகத்தைச் சொந்தமாக அமைக்காமல், படிவத்தோடு வரும் குறிப்பேட்டில் உள்ளபடியே எழுதுவது நல்லது. பளபளப்பான தாளில் மை எளிதில் பரவும். உலர்வதற்கு முன் மற்றப் படத்தின் மீது அடுக்கினால் அந்த முகத்திலும் மை ஒட்டி, இரண்டு படமும் வீணாகும்.

இணையம் வழியாக விண்ணப்பித்தால் படத்தில் எழுதும் வேலையே இல்லை. உறுதிப்படுத்துபவரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் நீங்கள் கொடுக்க, கடவுச்சீட்டு அலுவலகம் அவருக்கு நேரே எழுதும். அவர் தம் கடவுச்சீட்டு விவரத்தைக் கொடுத்து, படத்தைப் பார்த்து ஒப்புதல் அளிப்பார். இந்த வழியில் பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவரையே தேர்ந்தெடுங்கள். மின்னஞ்சல் வரப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவையுங்கள். கடவுச்சீட்டு இலக்கம் கேட்டு வருகிற கடிதத்தை மோசடி என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு, அவர் பதில் அளிக்கும்வரை உங்கள் விண்ணப்பம் நகராது.