ரேஷன் அரிசியை ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?

தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பங்களுக்கும் விலையில்லா அரிசி கொடுப்பதை நிறுத்திவிட்டு, உண்மையான ஏழைகளுக்கு மட்டும் கொடுத்து, மிச்சமாகும் பணத்தைத் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி, அதன் கீழ் இயங்கிய நியாயவிலைக் கடைகளின் கணக்குகளையும் புகார்களையும் கவனித்து வந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசதியானவர்களை ரேஷன் வரிசையிலிருந்து விலக்கினால், அதனால் வரும் இழப்பு பெரும்பாலும் ஏழைகளின் தலையில்தான் விழும். இது ஊகமில்லை, தமிழ்நாட்டிலும், இந்தியாவின் பிற மாநிலங்களிலும், இலங்கையிலும் இது நடந்ததைப் பார்த்தாகிவிட்டது.

நீங்கள் சொல்லும் யோசனையைத் தமிழ்நாடு ஒருமுறை செய்தே பார்த்தது. 2001இல் அமைந்த அரசு, மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களின் குடும்ப அட்டைகளை ‘எச்’ அட்டைகளாக மாற்றி, அவர்களுக்கு மானிய விலை அரிசி கிடையாது என்று அறிவித்தது. காகிதத்தில் படிக்கும்போது மிகவும் நியாயமாகத் தோன்றிய திட்டம் அது. ஆனால் சங்கத்துக்கு வந்து நின்றவர்களைப் பார்த்தபோது எங்களுக்கு வேறு விதமாகப் புரிந்தது. ஒரு கொத்தனார் வந்தார். தை முதல் ஆனி வரை அவருக்குத் தொடர்ந்து வேலை இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பார். எந்த மாதத்தின் வருமானத்தை அவருடைய வருமானம் என்று எழுதுவது? இன்னொரு பெண்ணின் கணவர் திருப்பூருக்குப் போய்ப் பணம் அனுப்புவதையே நிறுத்திவிட்டார். ஆனால் அட்டையில் குடும்பத் தலைவர் அவர்தான், கணக்கில் இருந்ததும் அவருடைய சம்பளம்தான். அதே ஊரில் நஞ்சை நிலமும் அரவை ஆலையில் பங்கும் வைத்திருந்த ஒருவரின் அட்டை எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தது, ஏனென்றால் அவரிடம் சம்பளச் சீட்டு என்று எதுவும் கிடையாது. வருமானத்தை மறைக்க வழியில்லாத கடைநிலை அரசு ஊழியரும் ஆலைத் தொழிலாளியும் சிக்கினார்கள். சொத்து உள்ளவர் தப்பினார். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்ற பிறகு, அந்த ஆண்டு மே மாதமே ‘எச்’ அட்டை முறை திரும்பப் பெறப்பட்டது.

இதை ஒரு மாநிலத்தின் நிர்வாகக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. முறையாகச் சம்பளம் வாங்குபவர்கள் குறைவாகவும், அன்றாடக் கூலியிலும் சிறு வியாபாரத்திலும் பிழைப்பவர்கள் பெரும்பான்மையாகவும் உள்ள எந்த நாட்டிலும் வருமானத்தை அளந்து ஆளைப் பிரிப்பது இப்படித்தான் முடியும். மத்திய அரசு 1997இல் பொது விநியோகத் திட்டத்தை ‘வறுமைக்கோட்டுக்குக் கீழே’, ‘மேலே’ என்று பிரித்தது. அதன் விளைவை ஆராய்ந்து 2005இல் திட்டக் குழு வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை, மானிய விலைத் தானியத்தில் சுமார் 58 விழுக்காடு வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களைச் சென்றடையவில்லை என்று கூறியது. பயனாளிகளை அடையாளம் காண்பதில் நேர்ந்த பிழைகளும் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. அந்தக் கோடாவது நியாயமான இடத்தில் இருந்ததா என்றால், வறுமைக்கோட்டைக் கணக்கிடும் முறையை வகுத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12க்குக் கணக்கிடப்பட்ட கோடு கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். மாதம் 820 ரூபாய் செலவழிக்கும் கிராமத்து மனிதர் அந்தக் கணக்கின்படி ஏழை இல்லை. அந்த வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தாலோ, மூத்தவர் சாரத்திலிருந்து விழுந்தாலோ இரண்டே மாதத்தில் குடும்பம் கோட்டுக்குக் கீழே போய்விடும். பட்டியல் மறுபடி திருத்தப்படும் வரை அவர்கள் ஏட்டில் வசதியானவர்களாகவே இருப்பார்கள்.

அடுத்து, எல்லோருக்கும் கொடுப்பதால் கடை எப்படி ஒழுங்காக நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதில் தெரிவதில்லை. எங்கள் கடை ஒன்றுக்கு ஒருமுறை கிடங்கிலிருந்து வந்த அரிசி மட்கிய வாடையோடு, கட்டி கட்டியாக இருந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் முகம் சுளித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் புகார் கொடுக்க அவர்களால் முடியாது. சங்கத்துக்கு நேரில் வந்து, வட்ட வழங்கல் அலுவலருக்கும் எழுதி, அந்த மூட்டைகளைத் திருப்பி அனுப்பும் வரை விடாமல் நின்றவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவர் வீட்டில் அந்த அரிசியைச் சமைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. மாவு அரைக்கவோ வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுக்கவோ வாங்கியிருக்கலாம். ஆனாலும் அவர் கையில் அட்டை இருந்தது, தனக்கு உரியது என்ன என்று கேட்கும் உரிமை இருந்தது. மாற்றி வந்த நல்ல அரிசி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அவருடைய அட்டையை ரத்து செய்திருந்தால் அரசுக்கு மாதம் சில கிலோ அரிசி மிச்சமாகியிருக்கும். அந்தக் கடைக்காகக் கேள்வி கேட்கும் ஒரு குரல் போயிருக்கும்.

சத்தீஸ்கர் இதே உண்மையை வேறு வழியில் கண்டது. தானியம் கடைக்கு வருவதற்கு முன்பே காணாமல் போகிறது என்று பெயரெடுத்திருந்த அந்த மாநிலம், 2004இல் ரேஷன் கடைகளைத் தனியார் கையிலிருந்து எடுத்து ஊராட்சிகளிடமும், மகளிர் குழுக்களிடமும், கூட்டுறவுச் சங்கங்களிடமும் ஒப்படைத்தது. கிடங்கிலிருந்து கடை வாசல் வரை மஞ்சள் வண்ண லாரிகளில் அரசே தானியத்தைக் கொண்டுபோய் இறக்கியது. 2007இல் மத்திய அரசின் பட்டியலுக்கு வெளியே இருந்த குடும்பங்களையும் மாநிலச் செலவில் பெருமளவில் சேர்த்தது. ஊரில் பெரும்பாலோருக்கு ஒரே விலை, ஒரே அளவு என்று ஆனபோது யாருக்கு எவ்வளவு என்பதில் குழப்பம் நீங்கியது. கடைக்காரர் ‘உன் பெயர் பட்டியலில் இல்லை’ என்று சொல்லி ஏமாற்றவும் முடியாமல் போனது. நான் படித்தவரையில், பொது விநியோகத்தைச் சீர்திருத்தியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியாவில் இல்லை.

இலங்கையின் அனுபவம்தான் உங்கள் கேள்விக்கு நேரடியான விடை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய கூப்பன் அரிசி அங்கே பல பத்தாண்டுகள் ஏறத்தாழ எல்லோருக்கும் கிடைத்தது. 1953இல் அதன் விலையை ஒரு கொத்து (அங்கே அரிசி அளக்கும் அளவு) 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடு தழுவிய ஹர்த்தால் நடந்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. நடுத்தர வர்க்கமும் ஏழைகளும் ஒரே கூப்பன் கடையில் நின்ற காலம் அது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. 1978இல் வருமான வரம்பு வைத்து மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மட்டும் என்று பங்கீடு குறைக்கப்பட்டது. 1979இல் அரிசிக்குப் பதிலாக ரூபாய் மதிப்புக் குறிக்கப்பட்ட உணவு முத்திரைகள் வந்தன. முத்திரையின் மதிப்பு விலைவாசியோடு சேர்ந்து உயரும்படி எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. சில ஆண்டுகளிலேயே அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. பொருளாதாரம் முன்னைவிட வேகமாக வளர்ந்த அதே ஆண்டுகளில், அடித்தட்டில் இருந்த ஐந்தில் ஒரு பங்கு மக்கள் உண்ட கலோரி அளவு குறைந்தது. 25 சதம் 70 சதமானதற்குத் தெருவுக்கு வந்த நாட்டில், முத்திரையின் மதிப்பு பாதியானதற்கு அரசு கவிழவில்லை. தெருவுக்கு வந்து குரல் கொடுக்கக் கூடியவர்கள் அதற்கு முன்பே வரிசையிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ‘ஏழைகளுக்கு மட்டும்’ என்று சொல்லும்போது நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 2023இல் அங்கே தொடங்கிய, தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு மட்டும் பணம் தரும் அஸ்வெசும என்ற நலத்திட்டத்திலும், தங்களைத் தவறாக ஒதுக்கிவிட்டதாக இலட்சக்கணக்கான மேல்முறையீடுகள் வந்தன.

இனி, மிச்சமாகும் பணத்தைப் பற்றிய உங்கள் கணக்குக்கு வருவோம். உணவு மானியத்துக்குத் தமிழ்நாடு அரசு அண்மைக் காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. அது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் வசதியானவர்களை விலக்கினால் மிச்சமாவது அதில் ஒரு பகுதி மட்டுமே. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்று எழுதிக்கொடுத்தவர்களும், எந்தப் பொருளும் வேண்டாம் என்று அட்டையை முகவரிச் சான்றாக மட்டும் வைத்திருப்பவர்களும் ஏற்கெனவே அரிசிக் கணக்கில் இல்லை. மற்ற வசதியானவர்களிலும் பலர், வரிசையில் நிற்கும் நேரத்தையும் அரிசியின் தரத்தையும் எண்ணித் தாமாகவே விலகிக்கொள்கிறார்கள். யாரும் யாருடைய வீட்டுக்கும் போய் விசாரிக்காமல் நடக்கும் இந்த விலகலை நான் உயர்வாக மதிக்கிறேன்.

வளர்ச்சிக்கு இது தடை என்ற வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. டெல்டாவில் நில உடைமையாளர்கள், ‘ரேஷன் அரிசி வந்ததிலிருந்து கூலிக்கு ஆள் வருவதில்லை’ என்று குறைப்பட்டுக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது, அதுதான் இந்தத் திட்டத்தின் வெற்றி என்றும் நான் கருதுகிறேன். வீட்டில் இருபது கிலோ அரிசி இருக்கும் விவசாயத் தொழிலாளி, அநியாயக் கூலிக்கு வர முடியாது என்று சொல்ல முடிகிறது. மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தாமல் மேலே படிக்க அனுப்ப முடிகிறது. இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2019-21 குடும்ப நல ஆய்வை வைத்து நிதி ஆயோக் கணக்கிட்ட பல்பரிமாண வறுமை (உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றைச் சேர்த்து அளப்பது), இந்தியா முழுவதற்கும் 14.96 விழுக்காடாக இருக்கையில் தமிழ்நாட்டில் 2.2 விழுக்காடு. ரேஷன் அரிசி மட்டுமே இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. சத்துணவு, பள்ளிகள், பேருந்து வசதி, ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாம் சேர்ந்து செய்தவை இவை. ஆனால் எல்லோருக்கும் அரிசி கொடுத்த மாநிலம் தொழிலில் பின்தங்கிவிடவில்லை என்பது கண்முன் தெரிகிறது. நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் கொடுப்பதில் தமிழ்நாடு காட்டிய தயக்கத்தை அரிசியால் ஈடுகட்ட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது வேறொரு பெரிய கடன்.

திட்டத்தில் குறைகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரேஷன் அரிசி ரயிலிலும் லாரியிலும் பக்கத்து மாநிலங்களுக்குக் கடத்தப்படுகிறது, கோழித் தீவனமாகிறது, பட்டை தீட்டி வெளிச்சந்தையில் விற்கப்படுகிறது. எடை குறைகிறது என்ற புகாரும் நீங்கவில்லை. ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது விரல் ரேகைக் கருவி. காலமெல்லாம் நாற்று நட்டு, சேற்றிலும் சுண்ணாம்பிலும் கிடந்து ரேகை தேய்ந்துபோன பாட்டி, ஒவ்வொரு விரலாகக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘நாளைக்கு வா’ என்ற பதிலோடு வெறும் பையுடன் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ரேகை விழாதவர்களுக்கு வேறு வழிகளில் பொருள் கொடுக்க அனுமதி இருக்கிறது. ஆனால் இருப்பில் ஒரு கிலோ குறைந்தாலும் தன் பையிலிருந்து கட்ட வேண்டிய விற்பனையாளர் அந்த வழியைப் பயன்படுத்தவே அஞ்சுகிறார். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபோது, ஆதாருடன் இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை நீக்கப்பட்டதால் வீட்டில் உணவில்லை என்று தாய் சொன்னார். நோயால் இறந்தாள் என்று அரசு மறுத்தது. அட்டை நீக்கப்பட்டிருந்தது என்பது மட்டும் இரு தரப்பிலும் மாறாமல் நின்றது.

வசதியானவர்களிடமிருந்து கூடுதலாகப் பெற வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நியாயமானது. அதைச் சொத்து வரியிலும் பத்திரப் பதிவிலும் வருமான வரியிலும் பெறலாம், அங்கே கணக்கில் தவறு நேர்ந்தாலும் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ரேஷனைச் சீர்திருத்த வேண்டுமென்றால், ஆட்களைக் குறைப்பதற்குச் செலவிடும் உழைப்பை விடுபட்டவர்களைச் சேர்ப்பதற்குச் செலவிடுங்கள் என்பேன். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளி எண்ணிக்கை இன்னமும் 2011 மக்கள்தொகைக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. அதனால் திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா இளைஞர்கள் பலருக்குச் சொந்த மாநிலத்திலேயே அட்டை கிடையாது; எந்த மாநில அட்டைக்கும் எங்கும் பொருள் தரும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்திருந்தும் அட்டையே இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. தமிழ்நாடு அரசு அவர்களுக்குத் தற்காலிக அட்டை கொடுக்கவும், ரேகை விழாதவர்களுக்குப் பதிவேட்டில் கையொப்பம் பெற்றுப் பொருள் கொடுத்த விற்பனையாளர் மீது இருப்பு வித்தியாசத்துக்கான அபராதம் விதிக்கப்படாமல் இருக்கவும் ஓர் அரசாணை போதும்.