‘டாகோ மாகோ’வுக்குப் பிறகு ‘லேண்டட்’ ஏன் சப்பென்று இருக்கிறது?

ஜெர்மன் ராக் குழுவான கேனின் ‘டாகோ மாகோ’ ஆல்பத்தில் கிறங்கிப்போய் அவர்களின் ‘லேண்டட்’ ஆல்பத்தை வாங்கினேன், ஏமாற்றம், என் காதில்தான் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது. மாறியது பதிவுமுறை.

‘டாகோ மாகோ’வுக்காக 1970-71இல் அவர்கள் கொலோன் அருகே ஒரு கோட்டையில், இரண்டு தடங்கள் (தனித்தனி ஒலிவரிசைகள்) மட்டுமே கொண்ட நாடாப் பதிவுக் கருவியை ஓடவிட்டு மணிக்கணக்கில் சேர்ந்து வாசித்தார்கள். பிறகு பாஸ் கிதார் வாசித்த ஹோல்கர் சுகாய் நாடாவை வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார். ஒருவர் வாசிப்பதை மற்றவர் அந்தக் கணமே கேட்டாக வேண்டும், வேறு வழியில்லை. அந்த ஆல்பத்தின் ‘ஹலேலுவா’ பாட்டில் யாக்கி லீபட்சைட்டின் டிரம்ஸ் சுமார் 18 நிமிடம் இம்மி பிசகாமல் ஓடுகிறதே, அது அந்தக் கட்டாயத்தில் விளைந்தது.

1975இல் ‘லேண்டட்’டுக்குப் பல தடக் கருவி வந்துவிட்டது. தனித்தனியாகப் பதிந்து அடுக்கலாம். ஒலி துல்லியம், பதற்றம் காணோம். பாடகர் டாமோ சுசூகியும் 1973இலேயே விலகியிருந்தார்.

அடுத்து ‘ஃபியூச்சர் டேஸ்’ கேளுங்கள், பிறகு ‘சூன் ஓவர் பாபலூமா’. ‘சா டிலைட்’ இப்போதைக்கு வேண்டாம். ‘லேண்டட்’டை விற்றுவிடாதீர்கள்; கடைசியில் வரும் ‘அன்ஃபினிஷ்ட்’டை ஹெட்போனில் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.