பிள்ளையின் இனிப்பில் ஈ171: குடல் பக்டீரியா காப்பாற்றுமா?

கேள்வி: டொக்டர், என் மகனுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கலர் கலரான டொபி, சுவிங்கம் கேட்டு அடம்பிடிப்பான். பையில் ஈ171 என்று போட்டிருக்கிறது. அதில் நனோத் துகள்கள் இருக்கின்றன, உடம்பில் தங்கும் என்று முகநூலில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. குடலில் உள்ள நல்ல பக்டீரியா அதைத் தடுத்துவிடும், நல்ல பக்டீரியா அடங்கிய புரோபயோட்டிக் கப்சூல் கொடுத்தால் போதும் என்கிறார் தெரிந்த ஒருவர். இன்னொருவர், மிக நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த நனோ வெள்ளி நீர் குடித்தால் வயிறு சுத்தமாகும் என்கிறார். எதை நம்புவது?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, வெள்ளி நீரை மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். வெள்ளி பக்டீரியாவைக் கொல்லும். நல்லது கெட்டது பார்க்காது. நீண்ட நாள் குடித்தவர்களுக்குத் தோல் நீலச் சாம்பல் நிறமாகி, பிறகு மாறாமலே இருந்துவிடும். கடையில் விற்கும் இத்தகைய வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவையும் அல்ல, பயனுள்ளவையும் அல்ல என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999இலேயே விதி போட்டுவிட்டது.

அடுத்தது ஈ171. இது டைட்டானியம் டைஒக்சைட் என்ற வெள்ளைத் தூள்; டொபியின் மேற்பூச்சு பளிச்சென்று தெரிவதற்காகச் சேர்ப்பது. இதில் ஒரு பகுதி 100 நனோமீற்றரை விடச் சிறிய துகள்கள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். மரபணுவுக்குச் சேதம் வராது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அறிவித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் தடை செய்தது. அமெரிக்கா உணவின் எடையில் 1 வீதம் வரை இன்னமும் அனுமதிக்கிறது. விழுங்கியதில் மிகப் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். உள்ளே போவது மிகச் சொற்பம், ஆனால் போனது மெதுவாகத்தான் வெளியேறும். இதுவரை தின்ற டொபிகளை நினைத்து நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, பக்டீரியா காப்பாற்றுமா? ஓரளவுக்கு உண்மை. வெள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். குடலில் உள்ள சில பக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைட் வாயுவை உண்டாக்குகின்றன. வெள்ளித் துகள் அதோடு சேர்ந்தால் வெள்ளி சல்பைட் ஆகிவிடும். வெள்ளிக் கொலுசை நாள்பட வைத்தால் மேலே படியுமே, அதே கறுப்புத்தான். அது நீரில் கரைவது மிகக் குறைவு என்பதால் நச்சுத்தன்மையும் நன்றாகக் குறைந்துவிடும். வேறு சில பக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பிசுபிசுப்பான பொருளைச் சுரக்கின்றன. துகள்கள் அதில் ஒட்டி, ஒன்றோடொன்று திரண்டு பெரிதாகிவிடும். திரண்டது குடற்சுவரைத் தாண்டுவது கடினம்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும் விட முக்கியம் குடற்சுவரே. அதன்மேல் வழுவழுப்பான சளிப்படலம் இருக்கிறது. நாம் தின்னும் நார்ச்சத்தைப் பெருங்குடல் பக்டீரியா புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகிறது. பெருங்குடல் கலங்களுக்கு அதுதான் சாப்பாடு. கலங்களுக்கு இடையிலான இணைப்பும் அதனால் இறுகும். நார்ச்சத்தே இல்லாத உணவைக் கொடுத்த எலிகளில் பக்டீரியா அந்தச் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியதைக் கண்டிருக்கிறார்கள். துகளைத் தடுக்க வேண்டிய படலம் அப்படித்தான் மெலிகிறது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் விலங்குகளிலும் ஆய்வுகூடக் குடுவைகளிலும் நடந்தவை. துகளின் அளவு கூடினால் பக்டீரியாவே பாதிக்கப்படும் என்பதையும் மறக்கக்கூடாது. அதனால் "பக்டீரியா பார்த்துக்கொள்ளும்" என்று டொபியை அள்ளிக் கொடுக்க முடியாது. பையின் பின்பக்கத்தை வாசித்து, 171 இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். எப்போதாவது ஒன்று தின்றால் திட்ட வேண்டாம்.

கப்சூலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நனோத் துகளைத் தடுப்பதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட புரோபயோட்டிக் எதுவும் கிடையாது. அந்தக் காசுக்கு சிவப்பரிசி, குரக்கன், கௌப்பி, முருங்கைக்கீரை, வாழைப்பழம் வாங்கலாம். காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவித்த கடலை வாங்கிக் கொடுங்கள், பிள்ளைகள் விரும்பித்தான் சாப்பிடுவார்கள். தயிரும் நல்லது. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீரும் குடிக்கப் பழக்குங்கள்.

அப்புறம் இன்னொன்று. தடிமன், இருமல் என்றதும் ஃபாமசியில் நீங்களாகவே அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். சாதாரணத் தடிமன் வைரஸால் வருவது, அந்த மருந்து அதற்கு வேலை செய்யாது. குடல் பக்டீரியாவைத்தான் அழிக்கும். வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அது வேறு, சொன்ன நாட்கள் முழுவதும் கொடுத்து முடியுங்கள். மகனுக்கு மலத்தில் இரத்தம், எடை குறைதல், விடாத வயிற்றோட்டம் என்று ஏதாவது இருந்தால் டொபியைக் காரணம் சொல்லிக் காத்திருக்காமல் பிள்ளை வைத்தியரிடம் நேரே காட்டிவிடுங்கள்.